பழைய எரிவாயு அடுப்பு: எதைப் புதுப்பிக்கலாம், எதைப் புதிதாக வாங்க வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான கிராமங்களில் நம் அங்கத்தினர்களுள் பலர் இன்று விவசாயத்தோடு மற்றொரு தொழிலையும் நடத்தி வருகின்றனர். அது வாடகைக்கு அறை விடும் தொழில். 1996ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1998இல் அங்கிருந்து முதல் கார் வெளிவந்தது. அதன்பின் 2006இல் நோக்கியாவும், 2010இல் ரெனோ–நிஸ்ஸானும், 2012இல் டெய்ம்லரும், 2013இல் ராயல் என்பீல்டும் இவ்வட்டாரத்தில் உற்பத்தியைத் தொடங்கின. சுங்குவார்சத்திரம், மாத்தூர், வல்லம், வடகால் என்று ஊர் ஊராகத் தொழிலாளர் வந்து தங்கினர். நெல் காய வைத்த களங்களில் வரிசை அறைகள் எழுந்தன.

அறைக்கு வருபவர் பாயும் பக்கெட்டும் கொணர்வர். அத்துடன் ஒரு எரிவாயு அடுப்பையும் தேடுவர். புதிய அடுப்பு வாங்க முதல் மாதச் சம்பளம் இடம் கொடாது. ஆகையால் காலி செய்து போகிறவரிடமிருந்தோ, காயலான் கடையிலிருந்தோ ஒரு பழைய அடுப்பு கைமாறுகிறது. இவ்வாறு மூன்று, நான்கு கைகள் மாறிய அடுப்புகள் இவ்வட்டாரத்தில் ஏராளம். அறையின் சொந்தக்காரர் நம் அங்கத்தினர். அடுப்பில் சமைப்பவர் பீகாரிலிருந்தோ, ஒரிசாவிலிருந்தோ, நம் தென் மாவட்டங்களிலிருந்தோ வந்த இளைஞர். அடுப்பில் கோளாறு நேர்ந்தால் துன்பம் இருவருக்குமே. இக்காரணம் பற்றியே இப்பொருளைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

பெரிய விடுதிகள் வந்துவிட்டனவே, இனி அறைச் சமையல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய விடுதியைக் கட்டியது. அது 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெருமைப்படத்தக்க காரியம். எனினும் 2021 டிசம்பரில் ஒரு விடுதியின் உணவு கெட்டுப்போனதால் நூற்றுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் நோயுற்றதும், அதனை ஒட்டி நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததும் யாவரும் அறிந்ததே. தன் கையால் சமைத்து உண்ண விரும்புபவர் என்றும் இருப்பர்.

எரிவாயு நம் நாட்டுச் சமையலறைக்குப் புதிய வரவன்று. 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனியார் இதனை விற்கத் தொடங்கினர். அடுத்த பத்தாண்டிற்குள் இந்தியன் ஆயில் நிறுவனம் 'இண்டேன்' என்ற பெயரில் இத்துறையில் இறங்கிற்று. ஆனால் வெகுகாலம் அது நகரத்து உத்தியோகஸ்தர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. தமிழக அரசு 2007இல் வறிய குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கத் தொடங்கிய பின்னரே கிராமத்துக் குடிசைகளில் அது பரவலாகப் புகுந்தது. 2016 மே மாதத்தில் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. முதல் திட்டத்தில் வந்த அடுப்புகள் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. அவற்றுள் சில பரணில் உறங்குகின்றன. சில இன்னும் எரிகின்றன. சில காயலான் கடைக்கு வந்துவிட்டன.

அடுப்பின் உள்ளே நடப்பது என்ன?

பழுது பார்க்கப் புகுமுன் பொருளின் இயல்பை அறிந்துகொள்ளல் நலம். சிலிண்டரில் உள்ளது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அழுத்தத்தினால் அது திரவமாக நிற்கிறது. வெளிவந்தால் ஏறத்தாழ 250 மடங்கு விரிகிறது. இயற்கையில் இதற்கு வாசனை கிடையாது. கசிவைக் கண்டுகொள்ளும் பொருட்டே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர். இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தவழ்ந்து, பள்ளத்தில் தங்கும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. கட்டில் அடியில், சாக்கடைக் குழியில், படிக்கட்டுக் கீழறையில் இது கண்ணுக்குத் தெரியாமல் தேங்கி நிற்கும் என்பதை மறத்தலாகாது.

சிலிண்டருக்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ வீதம் உள்ள அழுத்தத்தை, வீட்டு ரெகுலேட்டரானது ஏறத்தாழ 30 கிராமாகக் குறைத்து விடுகிறது. அவ்வாறு மெலிந்து வரும் வாயு, அடுப்பின் குமிழைத் திருப்பியதும், 'ஜெட்' என்னும் சிறு பித்தளைத் திருகின் ஊசித் துளை வழியே பீறிடுகிறது. அந்தப் பீறலின் வேகமே பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாயில் புகுந்து, பர்னரின் துளைகளில் வந்து எரிகிறது. காற்றும் வாயுவும் தக்க அளவில் கலந்தால் சுடர் நீலமாக, உள்ளே கூர்மையான கூம்புடன் நிற்கும். காற்றுக் குறைந்தால் மஞ்சளாகி, பாத்திரத்தில் கரி படியும். காற்று மிகுந்தால் சுடர் பர்னரை விட்டெழுந்து இரைச்சலிடும்.

சொட்டுநீர்ப் பாசனம் வைத்துள்ள விவசாயிகளுக்கு இது எளிதில் விளங்கும். குழாய், தொட்டி, மோட்டார் யாவும் சரியாக இருந்தும், சொட்டுவானின் துளை அடைத்தாலோ அகன்றாலோ அந்தச் செடிக்கு நாசம். அடுப்பிலும் அவ்வாறே. பார்வைக்குத் தட்டும் தாங்கியும் பெரியன. அடுப்பின் உயிர் இருப்பதோ அந்த ஊசித் துளையில்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், ஐ.எஸ். 4246 என்ற எண்ணையும் பார்க்க. இந்தத் தரநிர்ணயப்படி வீட்டு அடுப்பின் வெப்பத் திறன் 68 சதவீதத்திற்குக் குறையலாகாது. முத்திரையற்ற அடுப்பைப் புதுப்பிக்கச் செலவிடும் காசு வீண்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. நகரங்களில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வரத் தொடங்கிவிட்டது. அதற்கு மாற்றப்பட்ட அடுப்பின் ஜெட் துளை பெரிது. ஏனெனில் இயற்கை எரிவாயு ஒரு கன அளவிற்குத் தரும் வெப்பம் சிலிண்டர் வாயு தருவதில் பாதிக்கும் குறைவு. சென்னைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து காயலான் கடை வழியாக வந்த அத்தகைய அடுப்பைச் சிலிண்டரில் பூட்டினால், சுடர் மஞ்சளாய் முழ உயரம் எழும். "நல்லா வேகமா எரியுதுங்க" என்று விற்பவர் சொல்வார். அந்த வேகத்தை நம்பி வாங்கலாகாது.

கண்ணாடித் தட்டு அடுப்பாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது பதப்படுத்திய கண்ணாடி. ஓரத்தில் சிறு சிதைவு இருந்தாலும் சூட்டில் திடீரென நொறுங்கிச் சிதறக்கூடும். உடைந்த தட்டுக்குப் பதிலாக ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்திய அடுப்பும் சந்தையில் உலவுகிறது. அதனைத் தொடவே வேண்டாம். எஃகுத் தகட்டு அடுப்பே பழையதில் வாங்கத் தக்கது. அதன் துருவும் அழுக்கும் நீங்கக்கூடியவை. தகட்டின் அடிப்பகுதி துருவினால் ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் விட்டுவிடுக.

குமிழ்களைத் திருப்பிப் பார்க்க. அமுக்கித் திருப்பும்போது சற்று இறுக்கமாகவும் வழுவழுப்பாகவும் இருத்தல் வேண்டும். லொடலொடவென்று ஆடினால் வால்வு தேய்ந்திருக்கிறது. வால்வு மாற்ற வேண்டிய அடுப்பின் விலையில் அந்தச் செலவையும் கழித்துக் கேட்க வேண்டும். வால்வு, ஜெட், பர்னர் மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தால், புதிய அடுப்பின் விலையை விசாரித்துவிட்டுப் பிறகு முடிவு செய்வதே சிக்கனம்.

துலக்கும் முறை

சிலிண்டரில் பூட்டுமுன்பே எல்லா வேலையும் முடிதல் வேண்டும். தாங்கிகளையும் பர்னர் மூடிகளையும் கழற்றி, அடுப்பைக் கவிழ்த்து, கலவைக் குழாய்களைப் பிடித்திருக்கும் திருகுகளை எடுத்தால் உள்ளுறுப்புகள் வெளிவரும். இடது பர்னரின் பாகங்களை இடது புறத்திலும் வலதின் பாகங்களை வலது புறத்திலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்று போலத் தோன்றினும் ஜெட்டின் துளை அளவு வேறாக இருக்கும். பெரிய பர்னருக்குப் பெரிய துளை. மாற்றிப் பூட்டினால் இரண்டுமே கெடும்.

பர்னர் மூடி பெரும்பாலும் பித்தளை. நம் வீட்டுப் பெண்மக்களுக்குப் பித்தளை துலக்கக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. வெந்நீரில் ஊற வைத்து, புளியும் சலித்த சாம்பலும் இட்டுத் தேய்த்தால் பளபளக்கும். துளைகளைக் குத்துவதற்கு ஆணி கூடாது. விளக்குமாற்று ஈர்க்கு போதும். பித்தளை மெதுவான உலோகமாதலால் ஆணி துளையை அகற்றிவிடும். வார்ப்பிரும்புப் பர்னராயின் கம்பிப் பிரஷ்ஷினால் தேய்த்து, நன்கு உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் தடவி வைத்தால் துரு ஏறாது.

கலவைக் குழாய் அலுமினியத்தால் ஆனது. இங்கே நம் நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டு நூலின் பசை நீக்கச் சோப்பும் சோடா உப்பும் பழகிய கை, எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டதும் சலவைச் சோடாவையே நாடும். எஃகுத் தகட்டுக்கு அது நல்லது, அலுமினியத்திற்கு ஆகாது. சோடா நீரில் அலுமினியம் கறுத்து அரிக்கும். சாதாரணச் சோப்பு நீரே அதற்குப் போதும்.

அந்தக் குழாயினுள் பார்க்க மறக்க வேண்டாம். பரணில் கிடந்த அடுப்பில் சிலந்தி வலையும், குளவி கட்டிய மண் கூடும் இருப்பது சர்வ சாதாரணம். வெளியே எத்தனை பளபளப்பாகத் துலக்கினாலும் உள்ளே மண் கூடு இருந்தால் காற்று புகாது, சுடர் மஞ்சளாகும், சில வேளை குழாயின் வாயிலேயே, குமிழுக்கு அருகில், தீப்பற்றி எரியும். பால் பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்றே இதற்குத் தக்க கருவி.

இனி ஜெட். மண்ணெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ் காலத்தில் 'பின்' போட்டுக் குத்துவது நம் வீடுகளில் அன்றாட வேலையாக இருந்தது. அந்தப் பழக்கம் எரிவாயு அடுப்புக்கும் தொற்றிக்கொண்டது. இது மிகவும் தவறான பழக்கம். குத்தக் குத்தத் துளை அகன்று, வாயு அளவுக்கு மீறிப் பாயும். சிலிண்டர் சீக்கிரம் தீர்வதும், பாத்திரம் கறுப்பதும் இதனாலேயே. அடைத்த ஜெட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊற வைத்து, சைக்கிள் பம்பினால் ஊதுக. அதற்கும் இணங்காவிட்டால் அதே எண்ணுள்ள புதிய ஜெட் வாங்கிப் பூட்டுக. அடுப்பின் பாகங்களிலேயே மிக மலிவானது அதுதான். எவரோ ஏற்கெனவே குத்தியிருப்பார் என்று கருதி, பழைய அடுப்பு வாங்கியவர் இரண்டு ஜெட்டையும் மாற்றிவிடுவதே உசிதம் என்பது எம் அபிப்பிராயம்.

வால்வை மட்டும் வீட்டில் பிரிக்க வேண்டாம். அதன் உள்ளிருக்கும் கூம்புத் திருகு, தன் கூட்டுக்கென்றே தேய்த்துப் பொருத்தப்பட்டது. ஒன்றின் கூம்பு மற்றொன்றின் கூட்டில் சேராது. அதற்கு இடும் கிரீஸ் சூடு தாங்கும் தனி வகை. தேங்காயெண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் நாலு நாள் வழுக்கிவிட்டு, பின் வறண்டு, கசிவுக்கு வழி திறந்துவிடும். எரிவாயு ஏஜென்ஸியின் மெக்கானிக்கிடம் கொடுத்தால் அரை மணி வேலை.

ஒருபோதும் பழையதை ஏற்கலாகாத பாகம் ரப்பர் டியூப். இதில் தயவு தாட்சண்யம் கூடாது. 'சுரக்ஷா' என்ற பெயரில் ஏஜென்ஸிகள் விற்கும், உள்ளே எஃகுக் கம்பி பின்னிய ஆரஞ்சு நிற டியூப்பே வாங்கத் தக்கது. அதன் ஆயுள் ஐந்தாண்டு. தேதி டியூப்பின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பழைய பச்சை நிற டியூப்பை எலி கடிக்கும், வெயிலில் வெடிப்பு விடும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குக் கொண்டு போதலும், அழகுக்காகத் துணி சுற்றி மறைத்தலும் கூடா. மறைத்தால் வெடிப்பு கண்ணில் படாது.

சோதனை

பூட்டிய பின் தீக்குச்சியைத் தேடாதீர். முதலில் சோப்பு நுரையைத் தேடுக. கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பின் குமிழ்களை மூடிய நிலையில் ரெகுலேட்டரை மட்டும் திறந்து, டியூப்பின் இரு முனைகள், குழாய் மூட்டுகள், வால்வின் தண்டு ஆகிய இடங்களில் நுரையைத் தடவுக. குமிழி எழுந்தால் அங்கே கசிவு. தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடுபவர் இன்றும் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராதது அதிர்ஷ்டத்தினாலேயன்றி அறிவினால் அன்று.

நாற்றம் அடித்தால் மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்; இரண்டிலும் பொறி எழும். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்க. இது நாடெங்கும் எரிவாயுக் கசிவுக்கென உள்ள அவசர எண். அறைகளின் சுவரில் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைப்பது வீட்டுக்காரரின் கடமை. தமிழில் மட்டுமன்றி இந்தியிலும் எழுதுவது நன்று.

அடுப்பு மேடை மீதும் சிலிண்டர் தரை மீதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். நம் வரிசை அறைகளில் இடம் பற்றாக்குறையால் இரண்டையும் தரையிலேயே வைத்துச் சமைக்கின்றனர். நான்கடி அகல மேடை ஒன்று கட்டித் தருவதற்கு வீட்டுக்காரருக்கு அதிகம் செலவாகாது. சமைக்கும் இடத்தில் ஜன்னலும் அவசியம். மூடிய அறையில் மஞ்சள் சுடர் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு சேரும். அதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. இரவு ஷிப்டு முடித்து வந்து, கொசுவுக்காகக் கதவடைத்துச் சமைத்து, அப்படியே உறங்குவோர் இதனை அறிய வேண்டும்.

கிரில் அடுப்பும் சாயப் பட்டறை அடுப்பும்

ஒரகடம் கூட்டுரோட்டில் மாலை வேளைகளில் நின்று பார்த்தால், கோழியைக் கம்பியில் கோத்துச் சுழற்றிச் சுடும் கிரில் கடைகளின் செழிப்பு விளங்கும். நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளும் இத்தொழிலில் இறங்குகின்றனர். மூடிய கடைகளின் கிரில் பெட்டிகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. இவற்றைப் புதுப்பிப்பது வீட்டு அடுப்பைப் போன்றதன்று.

கிரில் பெட்டியின் பின்புறத்தில், நுண்துளைகள் நிறைந்த பீங்கான் தகடுகளின்மேல் வாயு எரிந்து, தகடே செந்தணலாகி வெப்பத்தை வீசுகிறது. தகட்டில் கீறல் இருந்தால் தீ அதன் வழியே உட்புகுந்து, பின்னாலுள்ள பெட்டியில் எரியும். கீறிய தகட்டைச் சிமெண்டு பூசி ஒட்டுகின்றனர், அது நில்லாது. புதிய தகடு மாற்ற வேண்டும். நீரில் ஊற வைத்துக் கழுவலும் ஆகாது. பிரஷ்ஷினால் மெல்லத் தூசி தட்டுவதே முறை. அடியிலுள்ள கொழுப்புத் தட்டைச் சுரண்டி எடுக்காமல் விட்ட கிரில், ஒரு நாள் தானே கொளுந்துவிட்டு எரியும். கம்பியைச் சுழற்றும் மோட்டாருக்கு எர்த் இணைப்பு உள்ளதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். துருப்பிடித்த உட்புறத்திற்கு நாகம் பூசிய தகட்டை வெட்டிப் பொருத்துவது பட்டறைகளில் வழக்கம். உணவு சுடும் சூட்டில் நாகப் பூச்சு புகைந்து நச்சாகும். துருவேறா எஃகுத் தகடே வேண்டும். உட்புறத்திற்குப் பெயிண்ட் கூடவே கூடாது.

காஞ்சிபுரத்துச் சாயப் பட்டறைகளுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறும் சாயக்காரர், ஹோட்டல்களில் கழித்த பெரிய பர்னர்களை வாங்குகின்றனர். பட்டுக்குச் சாயம் ஏற்றுகையில் கொப்பரை நீரின் சூடு ஒரே சீராக ஏற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. பர்னரின் ஒரு பக்கத் துளைகள் அடைத்திருந்தால் கொப்பரையின் ஒரு பக்கம் கொதிக்கும், மறு பக்கம் வெதுவெதுக்கும். நூற்கழியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அந்த நூல் தறியேறிப் பட்டாக வந்த பிறகு, சேலையின் நடுவில் கோடு விழுந்ததற்கு நெசவாளியைக் குற்றம் சொல்வோம். பர்னரைத் துலக்க ஆகும் ஒரு மணி நேரம், ஒரு சேலையின் கூலியைக் காக்கும்.

இவ்விரு தொழில்களுக்கும் 19 கிலோ வணிகச் சிலிண்டரே உரியது. 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடைக்கும் பட்டறைக்கும் பயன்படுத்துதல், 2000ஆம் ஆண்டின் எரிவாயு விநியோக ஆணைப்படி குற்றம். பெரிய பர்னர்களுக்கு உயர் அழுத்த ரெகுலேட்டரும் அதற்குரிய டியூப்பும் வேண்டும். வீட்டு டியூப்பை அதில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு போகும். அவ்வாறே உயர் அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்பில் மாட்டினால், அந்த அழுத்தத்தைத் தாங்க வால்வு செய்யப்படவில்லை.

சங்கங்கள் செய்யக்கூடியது

இத்துறையில் கூட்டுறவு சும்மா இருந்துவிடவில்லை. 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணிச் சங்கத்தின் வழிவந்த பண்டகசாலைகள் அரிசி, பருப்போடு நின்றுவிடாமல், சில இடங்களில் எரிவாயு ஏஜென்ஸியும் நடத்துகின்றன. 2022இல் தமிழ்நாட்டுக் கூட்டுறவுத் துறை, 5 கிலோ, 2 கிலோ சிறு சிலிண்டர்களைக் கூட்டுறவு விற்பனை நிலையங்கள் வழியே விற்கத் தொடங்கிற்று. இவை முகவரிச் சான்று இல்லாதவர்க்கும் கிடைப்பவை. அறையில் தங்கும் வெளியூர்த் தொழிலாளர்க்கு மிகவும் பொருந்துபவை. இவற்றை அறியாதவர், தெருமுனைக் கடையில் முத்திரையற்ற குட்டிச் சிலிண்டரைப் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பி வாங்குகின்றனர். அந்த நிரப்பலைப் போல அபாயம் வேறில்லை. பழைய அடுப்பு எத்தனை நன்றாகத் துலக்கப்பட்டாலும், அத்தகைய சிலிண்டரோடு சேர்ந்தால் பயனில்லை.

எம் யோசனை ஒன்று. அறை வாடகையில் வருமானம் காணும் அங்கத்தினர் மிகுந்த கிராமங்களில், நம் சங்கம் ஒரு மெக்கானிக்கை மாதத்திற்கு ஒரு நாள் வரவழைக்கலாம். ஜெட், டியூப், வால்வு கிரீஸ் மூன்றையும் மொத்தமாக வாங்கி இருப்பில் வைக்கலாம். ஒரு பர்னர் பிரஷ், ஒரு சைக்கிள் பம்ப், இரண்டு ஸ்பானர், ஒரு ஸ்குரூ டிரைவர். கருவிப் பெட்டிக்கு இதற்கு மேல் தேவையில்லை. அங்கத்தினர் தம் அறைகளின் அடுப்புகளை அன்று கொண்டு வந்து காட்டிச் செல்லட்டும். வாடகைதாரரின் அடுப்பு, எமக்கென்ன என்று சிலர் சொல்வர். தீப்பிடித்தால் எரியப் போவது கூரை யாருடையது என்று அவர்களைக் கேட்கலாம்.

சோதனையில் தேறாத அடுப்பை இரக்கம் பார்த்து வைத்திருக்க வேண்டாம். பித்தளை மூடியும் ஜெட்டும் எடைக்குப் போகும். எஃகுத் தாங்கி மற்றோர் அடுப்புக்கு உதவும். கழற்றிய பழைய டியூப்பை மட்டும் அப்படியே குப்பையில் எறியாமல், நடுவில் இரண்டாக வெட்டி எறிக. முழுதாகக் கிடந்தால் எவரேனும் எடுத்துத் துடைத்துத் தம் அடுப்பில் மாட்டிக்கொள்வர்.